இஸ்திரி போட்ட சத்தம்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

"இந்தச் சத்தத்துல உங்களுக்கு அப்படி என்னதான் கிடைக்குது?" என்று எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தின் மேலாளர் நேற்று கேட்டார். என் ஹெட்போனிலிருந்து கசிந்தது அவர் காதில் விழுந்திருக்கிறது. ஐம்பதை நெருங்கும் ஒரு பெண், நாளெல்லாம் குளோரின் அளவு பார்ப்பவள், மதிய இடைவேளையில் ஏன் பங்க் ராக் இசை கேட்கிறாள்? "தூக்கம் வராம இருக்க" என்றேன். நம்பிவிட்டார்.

இங்கே நலம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது. உன் தோள்பட்டை எப்படி இருக்கிறது? பகலில் லிஃப்ட் பழுது பார்த்துவிட்டு மாலையில் ட்ரம் அடிப்பவனிடம் இதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். உன் மனைவியை விசாரித்ததாகச் சொல்.

நீ அனுப்பிய மூன்று சி.டி.க்களும் வந்தன. வழக்கம்போல உறையில் பெயர் இல்லை, எண் மட்டும். இந்த ஏற்பாட்டைச் செய்தவள் நான் என்பதில் எனக்கு இன்றும் பெருமைதான். எங்களிடம் வரும் தண்ணீர்க் குப்பிகளிலும் எண் மட்டுமே இருக்கும். எந்தத் தெருத் தண்ணீர் என்று தெரிந்துவிட்டால் பார்க்கிற கண் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். பாட்டுக்கும் அதேதான். யாருடையது என்று தெரிந்தால் காது மரியாதை கொடுக்கத் தொடங்கிவிடும்.

ஒன்றாம் எண், ஹெவி மெட்டல். பாடகர் உறுமுவதில் ஒரு சொல்கூடப் புரியவில்லை, ஆனால் யாரையோ உண்மையாகவே திட்டுகிறார். இரண்டாவது பாட்டில் கிடார்கள் நின்று, பேஸ் கிடார் மட்டும் தனியாக வரும் இடம் பெரிய லாரி ஒன்று பின்பக்கமாக நகர்ந்து வருவதுபோல இருக்கிறது. அதற்காகவே வைத்துக்கொள்ளலாம். குறை என்னவென்றால், விடைபெற்ற பிறகும் வாசலில் நின்று பேசும் விருந்தாளி மாதிரி ஒவ்வொரு பாட்டும் முடியமாட்டேன் என்கிறது.

இரண்டாம் எண், பங்க். பாட்டுகள் குட்டையானவை, அது நல்லது. ஆனால் இவர்கள் கோபப்படுவதற்குக் காரணம் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கிடைத்ததும் மறுபடி அனுப்பு.

மூன்றாம் எண், ஹெவி மெட்டல். எல்லாம் பளபளவென்று இருக்கிறது. கிடார் சுத்தம், பாடகர் கெட்டிக்காரர், ட்ரம்மர் மட்டும் வீட்டில் இல்லை. ஒவ்வொரு அடியும் அதனதன் இடத்தில் விழுகிறது. ஆனால் ஒரு மனிதன் மூச்சைப் பிடித்துக் கையை ஓங்கினான் என்று எந்த அடியும் சொல்லவில்லை. இஸ்திரி போட்டு மாட்டிவைத்த சட்டை. உள்ளே ஆள் இல்லை.

உன் குழுவின் ஆல்பம் எந்த நிலையில் இருக்கிறது? உங்கள் கிடாரிஸ்ட் கொம்பன் சத்தத்தைக் குறைத்து வைக்கச் சம்மதித்தானா? போன் செய்யாதே, எழுது. போனில் நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ பதில் சொல்லிவிடுகிறாய். கடிதத்தில்தான் உன்னால் முந்த முடியாது.

அக்கா

ஜனவரி 27

அக்காவுக்கு,

நலம். தோள்பட்டை தன் வேலையைச் செய்கிறது. அவளும் நலம். பல் மருத்துவமனையில் நாளெல்லாம் மற்றவர்கள் வாயைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து என்னை மூடச் சொல்கிறாள்.

ஒன்றாம் எண்ணைப் பற்றி நீ சொன்னது சரி. இரண்டைப் பற்றிச் சொன்னதை அந்தப் பையன்களிடம் சொல்ல மாட்டேன், அழுதுவிடுவார்கள்.

மூன்றாம் எண்ணை இன்னொரு தடவை கேட்கிறாயா? அன்றைக்கு உனக்குத் தலைவலியோ என்னவோ. இந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் பதிவு செய்கிறார்கள், அக்கா. இந்த ட்ரம்மர் நல்ல அனுபவசாலி என்று கேள்வி.

எங்கள் ஆல்பம் முடிந்துவிட்டது. அச்சுக்குப் போகும் முன் சின்ன வேலைதான் பாக்கி. இதை வைத்துத்தான் வெளியூர் மேடைகளுக்கு ஒப்பந்தம் பேசுகிறார்கள். பதினெட்டு வருடமாக வாரக் கடைசியில் வாசித்துக்கொண்டிருந்த எங்களுக்கு இது பெரிய விஷயம். கொம்பன் சந்தோஷமாக இருக்கிறான். கிடாரைக் குறைக்கவில்லை.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

தம்பி

பிப்ரவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

தலைவலி எல்லாம் இல்லை. நீ கேட்டாய் என்பதற்காக மூன்றாம் எண்ணை மறுபடி கேட்டேன். துணி மடிக்கும்போது ஒரு தடவை, பேருந்தில் ஒரு தடவை. என் கருத்து மாறவில்லை, கெட்டியாகிவிட்டது.

அனுபவசாலி என்கிறாய். இருக்கலாம். அந்த அனுபவம் எந்தப் பாட்டில் ஒலிக்கிறது என்று காட்டு. கிடாரிஸ்ட் ஓரிடத்தில் வேகம் பிடிக்கப் பார்க்கிறார், பின்னால் ட்ரம் அசைந்து கொடுக்கவில்லை. சுவரோடு பேசிக்கொண்டிருக்கிறார், பாவம். அந்த ட்ரம்மரை நாளைக்கே வேலையை விட்டு நிறுத்தினாலும் கேட்பவர் யாருக்கும் தெரியாது.

நான் கடுமையாகச் சொல்கிறேன் என்று தோன்றினால், அப்படித்தான். கலங்கல் இருக்கிற தண்ணீரைக் கலங்கல் என்றுதானே எழுத முடியும்?

ஆல்பம் முடிந்ததற்கு மகிழ்ச்சி. அதை எனக்கு எப்போது அனுப்புவாய்? எண் போட்டே அனுப்பு. உன் கையை எந்தக் கும்பலிலும் கண்டுபிடித்துவிடுவேன், பந்தயம் வேண்டுமானாலும் கட்டு.

இங்கே மேல்வீட்டில் குழாய் உடைந்து என் கூரை ஒரு வாரம் சொட்டியது. மற்றபடி நலம்.

அக்கா

மார்ச் 3

அக்காவுக்கு,

நலம். வேலை அதிகம். இத்துடன் நான்காம் எண். பங்க். பதிவு கொஞ்சம் முரடு. பொறுத்துக்கொள்.

தம்பி

மார்ச் 16

அன்புள்ள தம்பிக்கு,

இவ்வளவு சின்னக் கடிதம் உன்னிடமிருந்து வந்ததே இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

நான்காம் எண்ணுக்கு வருகிறேன். கிடார் சுருதியில் இல்லை. பாடும் பெண்ணுக்குக் குரல் என்று சொல்ல ஒன்றுமில்லை. அவர் பாடவில்லை, கணக்குக் கேட்கிறார். "கையெழுத்துப் போடாம ஒரு ஆணிகூட வெளிய போகாது" என்று ஒரு பாட்டு முழுக்க ஒரே வரியைக் கத்துகிறார். நான் நான்கு தடவை கேட்டேன். நேற்று குப்பிகளைக் கழுவும்போது நானும் கத்திக்கொண்டிருந்ததாக மேலாளர் சொல்கிறார்.

இப்போது கேள். இந்த ஆல்பத்தில் சத்தம் பக்கவாட்டில் பரவாமல் நேராக மேலே போகிறது. அறை இல்லை, மண்டபம் இல்லை. குறுகலாகவும் உயரமாகவும் இருக்கிற இடம். லிஃப்ட் ஏறி இறங்கும் கிணறு. கட்டி முடிக்காத கட்டடம் ஒன்றில், லிஃப்ட் மாட்டுவதற்கு முன் அடியில் உட்கார்ந்து பதிவு செய்திருக்கிறீர்கள். பாடுகிற பெண் உங்கள் நிறுவனத்தின் ஸ்டோர் பொறுப்பாளர், ஆணிக்குக் கையெழுத்து வாங்குபவர்.

ட்ரம் நீ. இடத்தை வைத்து மட்டும் சொல்லவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு மயிரிழை முன்னாலேயே வந்துவிடுகிறாய். சின்ன வயதில் நான் பள்ளி விட்டு வந்து கதவைத் தட்டக் கையை ஓங்குவேன், அதற்குள் திறந்துவிடுவாய். "இவனுக்குப் பொறுமைங்கறத வைக்கவே மறந்துட்டாங்க" என்பார் அப்பா. அதே கைதான் இது. அந்த அவசரத்தால்தான் பாட்டு முன்னால் உருள்கிறது.

பந்தயத்தில் நான் ஜெயித்துவிட்டேன். இனி உன் சொந்தக் குழுவின் ஆல்பத்தை அனுப்பு.

அக்கா

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

நலம். நான்காம் எண் நான்தான். ஸ்டோர் அக்காவும், வெல்டிங் செய்கிற நண்பர் ஒருவரும், நானும். ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. நீ எழுதியதை ஸ்டோர் அக்காவிடம் படித்துக் காட்டினேன். "குரல் இல்லன்னாலும் நாலு தடவ கேட்டாங்கல்ல, அது போதும்" என்றார்.

பந்தயத்தில் நீ பாதிதான் ஜெயித்தாய். மூன்றாம் எண்ணும் நான்தான்.

எங்கள் ஆல்பம் உன்னிடம் ஜனவரியிலிருந்தே இருக்கிறது. பாட்டுகள் எல்லாம் புதியவை, பாடகரையும் நீ இதுவரை கேட்டதில்லை.

ஸ்டூடியோவில் ஒருவர் இருக்கிறார். நான் வாசித்து முடித்த பிறகு, கணினியில் தாளத்துக்குக் கோடு போட்டு, ஒவ்வொரு அடியையும் அந்தக் கோட்டுக்கு இழுத்து வைத்தார். முந்தி வந்த அடிகளெல்லாம் பின்னால் போயின. கேட்டபோது எனக்கே பெருமையாக இருந்தது, இவ்வளவு சுத்தமாக வாசிக்கிறேனா என்று. நானும் தலையாட்டினேன். யாரையும் குறை சொல்வதற்கில்லை.

உன் கடிதத்தைக் கொம்பனிடம் காட்டிவிட்டு, நான் வாசித்ததை வாசித்தபடியே போடலாமா என்று கேட்டேன். பேசிக்கொண்டிருக்கிறோம்.

முழங்கால் எப்படி?

தம்பி

ஏப்ரல் 11

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைச் சமையலறையில் இரண்டு தடவை படித்தேன். அடுப்பில் வைத்திருந்தது கருகிவிட்டது. முழங்கால் நலம்.

உன் கையை எந்தக் கும்பலிலும் கண்டுபிடிப்பேன் என்று எழுதியவள், கையில் வைத்துக்கொண்டே கண்டுபிடிக்கவில்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லி என்ன பயன்? ஆளை நிறுத்தினாலும் யாருக்கும் தெரியாது என்று எழுதினேனே, அதை உன்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் நீதான் படித்திருக்கிறாய்.

வருத்தப்படுகிறேன். கருத்தை மட்டும் திரும்பப் பெற முடியாது. குப்பியில் இருந்ததைத்தான் எழுதினேன். அதில் நீ இல்லை என்று என் காது சொன்னது, நீ இல்லைதானே? உன்னை எடுத்து வெளியே வைத்திருக்கிறார்கள்.

"பேசிக்கொண்டிருக்கிறோம்" என்கிறாய். என்ன பேசினீர்கள் என்று எழுது.

அக்கா

ஜூன் 1

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். எங்களுக்குள் நேரடியாகக் கடிதம் போட்டு எத்தனையோ வருடம் ஆகிறது. முழங்கால் தேவலையா?

ஏப்ரலில் நீங்கள் எழுதிய கடிதம் வந்தது. பதில் எழுதியாச்சா என்று கேட்டால் "எழுதறேன்" என்கிறார். போன் செய்யச் சொன்னால் "அக்காவுக்குப் பிடிக்காது" என்கிறார். அதனால் நான் சொல்கிறேன்.

ட்ரம் செட் வீட்டுக்கு வந்துவிட்டது. இவ்வளவு நாளும் அது கொம்பன் வீட்டு மாடியில்தான் இருந்தது. இப்போது எங்கள் சாப்பாட்டு மேசை பால்கனியில் நிற்கிறது, மேசை இருந்த இடத்தில் ட்ரம். நாங்கள் நின்றுகொண்டு சாப்பிடுகிறோம். இவர் அதன் மேல் போர்வை போட்டு மூடிவைத்திருக்கிறார். ஒரு தடவைகூட வாசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிணற்றுக்குப் போவதையும் விட்டுவிட்டார்.

நடந்தது இதுதான். "பதினெட்டு வருஷமா உன் அவசரத்தை நாங்க சுமந்தோம். இப்ப கம்ப்யூட்டர் சரி பண்ணினா உனக்குக் கசக்குதா?" என்று கொம்பன் கேட்டாராம். "உன் அக்கா சொன்னாங்கன்னு ஆல்பத்தை மாத்தணுமா? அவங்க என்ன இந்த ஊருக்கே காதா?" என்றும் கேட்டாராம். இவர் வண்டி பிடித்து ட்ரம்மை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். வெளியூர் மேடைகளுக்கு வேறு ஆள் பார்க்கிறார்களாம். ஆல்பம் ஆகஸ்டில் அச்சுக்குப் போகிறது.

நீங்கள் எழுதியது தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்தப் பாட்டெல்லாம் எனக்கு ஒரே பல் ராவுகிற சத்தம்தான். ஆனால் இந்த வீட்டில் விரலால் மேசையைத் தட்டாமல் இவர் சாப்பிடுவது இப்போதுதான். மேசையே இல்லை என்பது வேறு விஷயம்.

ஸ்டூடியோவில் இஸ்திரி போடுவதற்கு முன் இருந்த பதிவு இவருடைய பெட்டியில் கிடந்தது. அவரிடம் சொல்லிவிட்டே அனுப்புகிறேன். "அனுப்பு, இன்னும் என்ன சொல்லிடப் போறா" என்றார்.

உங்கள் அன்புள்ள தம்பி மனைவி

ஜூன் 15

அன்புள்ள தம்பிக்கு,

நலமா என்று கேட்கமாட்டேன். தெரிந்துவிட்டது.

பதிவு வந்தது. முதல் தடவையாக உறையில் எண் இல்லாமல், பெயர் தெரிந்தே கேட்கிறேன். அதனால் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு சந்தேகத்தோடு கேட்டேன்.

முதல் மூன்று பாட்டுகளிலும் கூரை அதிர்கிறது. கொம்பன் வேகம் பிடிக்கும் இடத்தில் நீ அவனுக்கு முன்னால் போய் நின்று "வா" என்கிறாய், அவன் வருகிறான். இஸ்திரி போட்டதில் அவன் சுவரோடு பேசிக்கொண்டிருந்தது இந்த இடத்தில்தான். நான்காவது பாட்டில் நீ தூங்கிவிட்டாய். அன்றைக்கு எத்தனை லிஃப்ட் பழுது பார்த்துவிட்டுப் போனாய்? இழுக்கிறது. அதற்கு இஸ்திரியே மேல். மற்றவை எல்லாம் நன்று, கடைசிப் பாட்டு மிக நன்று.

கொம்பன் கேட்டது நியாயமான கேள்வி. நான் ஊருக்கே காது இல்லை. உன் அக்காவாக இருப்பதால் இப்போது அரைக் காதுதான். அதனால் என் கருத்தை அவர்கள் கேட்க வேண்டாம். தங்கள் காதைக் கேட்கட்டும்.

இரண்டு பதிவுகளையும் ஒரே மாதிரி உறையில் போட்டு, ஒன்று, இரண்டு என்று எழுதி நான் அனுப்புகிறேன். எது எது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். கொம்பன், பேஸ் வாசிப்பவர், பாடகர் மூவரும் தனித்தனியாகக் கேட்டு, ஒருவருக்கொருவர் சொல்லாமல் ஒரு எண்ணைத் தேர்ந்தெடுக்கட்டும். முடிந்ததும் எனக்குப் போன் செய்யட்டும். நீ அங்கே இருக்கக் கூடாது. குப்பிக்குச் சொந்தக்காரன் கூடத்துக்குள் வரக் கூடாது என்பது விதி. உன் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் பதில் தெரிந்துவிடும்.

அவர்கள் இஸ்திரி போட்டதை எடுத்தால் நீ தலையாட்டியது சரி, நான் சொன்னது என் ரசனை, அவ்வளவுதான். உன் இடத்துக்கு வேறு ஆள் வருவார். அதைத் தெரிந்துகொண்டு ட்ரம் மேல் இருக்கும் போர்வையை எடு. நின்றுகொண்டு சாப்பிட்டால் அவளுக்கு இடுப்பு வலி வரும்.

அக்கா

ஜூலை 4

அக்காவுக்கு,

கொம்பனுக்கு உன் யோசனையை எழுதி அனுப்பினேன். நேரில் போகவில்லை. சிரித்தானாம். பிறகு பேஸ்காரனிடம், "அந்தம்மா தண்ணியில எதை வேணா கண்டுபிடிக்கட்டும். என் பாட்டு எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டுச் சம்மதித்திருக்கிறான். வரும் இருபதாம் தேதி காலை கேட்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதுவே அச்சுக்குப் போகும் என்று மூவரும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அன்றைக்கு எனக்கு மருத்துவமனை லிஃப்டில் வேலை இருக்கிறது. வேலை இல்லாவிட்டாலும் போகமாட்டேன்.

நான்காவது பாட்டில் நான் தூங்கவில்லை. அது அப்படித்தான் வாசிக்க வேண்டிய பாட்டு. உனக்குப் புரியவில்லை.

அவளுக்கு ஏற்கெனவே இடுப்பு வலி.

தம்பி

ஜூலை 19

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீ என்னோடு சண்டை போடத் தொடங்கியிருப்பதைப் பார்த்து எனக்கு உடம்பு இன்னும் தேறிவிட்டது.

உறைகள் போய்ச் சேர்ந்துவிட்டன என்று தபாலகத்தில் சொன்னார்கள். எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. முடிவு தெரிவதற்கு முன்பே ஊகத்தை எழுதி வைத்துவிடுவோம், பிற்பாடு யாரும் "நான் அப்பவே நினைச்சேன்" என்று சொல்லாமலிருக்க. என் ஊகம் இது: மூவரும் இஸ்திரி போட்டதைத்தான் எடுப்பார்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவரவர் வாசித்ததைத்தான் அவரவர் கேட்பார்கள். ட்ரம் அடங்கி இருந்தால் தன் சத்தம் தெளிவாகக் கேட்கும், யாருக்குத்தான் பிடிக்காது?

ஆகவே இதைப் படித்ததும் நீ என்ன செய்யவேண்டும் என்றும் எழுதிவிடுகிறேன். ஸ்டோர் அக்காவுக்குப் போன் செய். ஞாயிற்றுக்கிழமைக் கிணறு எங்கேயும் ஓடிவிடவில்லை. அங்கே உன்னை யாரும் கோட்டுக்கு இழுக்கமாட்டார்கள். கையெழுத்துதான் கேட்பார்கள்.

ஜூலை 20

இதில் பாதி உனக்கே தெரியும். ஆனாலும் ஊகத்தை எழுதிய தாளிலேயே நடந்ததையும் எழுதிவிட வேண்டும்.

காலை பதினொரு மணிக்குக் கொம்பன் போன் செய்தார். மதிப்பு கொடுத்துப் பேசியதால் நானும் கொடுக்கிறேன். "பாடகருக்கு ஒண்ணு. எனக்கும் பேஸ்காரனுக்கும் ரெண்டு. ஒண்ணுல நான் தனியா உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்குங்க. ரெண்டுல பின்னாலேந்து யாரோ தள்ளிக்கிட்டே இருக்காங்க. ரெண்டுதான் இஸ்திரி போட்டது, சரிதானே?" என்றார்.

"இல்ல. ரெண்டு என் தம்பி வாசிச்சபடியே இருக்கறது" என்றேன்.

எது எது என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, "அந்த நாலாவது பாட்டுதாங்க என்னைக் கவுத்துடுச்சு" என்றார். அவருக்குக் காது அவ்வளவுதான். நான் வாதாடவில்லை. "இதை நீங்களே அவன்கிட்ட சொல்றீங்களா, நாங்க சொல்லலாமா?" என்று கேட்டார். நான் தண்ணீரைப் பரிசோதிப்பவள், குழாய் மாட்டுவது என் வேலை இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். என் ஊகம் தப்பு. மேலாளரிடம் அதைச் சொன்னபோது நான் சிரித்துக்கொண்டிருந்தேனாம்.

சாயங்காலம் உன் மனைவி பேசினாள். உன்னைத் திரும்பக் கூப்பிட அவர்கள் மூவரும் வேனோடு வந்தார்களாம். ஞாயிற்றுக்கிழமை கிணற்றில் வேலை இருக்கிறது, திங்கள்கிழமை வருகிறேன் என்று நீ சொன்னாயாம். அதுவரை ட்ரம் இங்கேயே இருக்கட்டும் என்று கொம்பன் சொல்ல, "அதெல்லாம் முடியாது, இன்னைக்கே எடுத்துட்டுப் போங்க" என்று அவள் நின்று ஏற்றி அனுப்பியிருக்கிறாள். மேசை உள்ளே வந்தாயிற்று. உட்கார்ந்து சாப்பிட்டீர்களாம்.

இன்னொன்றும் சொன்னாள். அதை அவள் பெரிதாக நினைக்கவில்லை, பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். பேஸ்காரர் மணியை அழுத்த விரலை நீட்டினாராம். அதற்குள் நீ கதவைத் திறந்துவிட்டாயாம்.

அக்கா